வாப்பா பேசிய ஒலிநாடா



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய திருமணப் பத்திரிகைகளுக்கும் காலாவதியான பாஸ்போர்ட்டுகளுக்கும் அடியில், ஓர் ஒலிநாடா கிடக்கக்கூடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அரபு நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் உள்ள குடும்பமென்றால் அநேகமாகக் கிடக்கும். தொலைபேசி எட்டாத காலம் அது. எழுதத் தெரிந்தவர்கள் ஏர்மெயில் தாளில் எழுதினார்கள். எழுதக் கை வராதவர்கள் கேசட்டில் பேசி, ஊர் திரும்பும் யாரேனும் ஒருவரின் பெட்டியில், சோப்புக்கும் அத்தருக்கும் நடுவே வைத்து அனுப்பினார்கள். அந்த நாடா வந்த அன்று வீடு நிறைந்து உட்கார்ந்து கேட்டதும், பெண்கள் முந்தானையால் கண் துடைத்ததும் உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

எங்கள் வாப்பா 1979-இல் ஜித்தாவுக்குப் போனார். 1988-இல் அங்கேயே மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் அனுப்பிய ஓர் ஒலிநாடாதான் இக்கட்டுரையின் பொருள். அதைவிட, அந்த நாடாவில் அவர் சொல்லியிருந்த ஒரு கடனே பொருள் என்று சொல்வது சரியாக இருக்கும்.

பயணச் செலவுக்கு முழுத்தொகை சேராமல் தவித்தபோது ஒரு வீட்டார் இரண்டு பவுன் சங்கிலியைக் கொடுத்து உதவினார்களாம். அதை விற்றுத்தான் மிச்சத்தைக் கட்டியிருக்கிறார். அடுத்த வருடம் ஊருக்கு வரும்போது சங்கிலியாகவே திருப்பித் தந்துவிடுவேன் என்பது அவர் பேச்சு. அடுத்த வருடம் அவர் வரவில்லை. சாவுச் செய்திதான் வந்தது. எந்த வீட்டார் என்று நாடாவில் சொல்லியிருக்கிறார். எங்கள் காதில் அது 'ஓடக்காரர் வீடு' என்று விழுந்தது. எங்களூர் கடற்கரை ஊர். தோணி வைத்துப் பிழைத்த குடும்பத்துக்கு அந்தப் பட்டப்பெயர் உண்டு.

1989-இல் உம்மா, பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்த பெரியவர், "அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே. அப்படியே இருந்தாலும் ஹலாலாக்கிட்டோம்மா, போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் உம்மாவின் மனம் ஆறவில்லை. நகையைக் கொடுத்தவருக்கு எப்படி மறக்கும் என்ற கேள்வி அவர்களை விடவில்லை. மரித்தவரின் சொத்தைப் பங்கிடும் முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். எண்பது வயதைத் தொட்ட பிறகும் பஜ்ருக்குப் பின் உம்மா என்னிடம் கேட்கும் கேள்வி அதுவாகவே இருந்தது: "அந்த நாடாவை இன்னொரு தரம் கேக்க முடியாதாப்பா?"

கேட்பதற்குக் கருவி இல்லை. எங்கள் டேப் ரிக்கார்டர் தொண்ணூறுகளிலேயே செத்துவிட்டது. நான் 2024-இல் பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இதற்கு நேரம் வாய்த்தது. முதலில் நகரத்தில் ஒரு கடையில் கொடுத்துக் கணிப்பொறிக் கோப்பாக மாற்றி வாங்கினேன். கடைக்காரர் இரைச்சலையெல்லாம் நீக்கி 'சுத்தம்' செய்து கொடுத்ததாகப் பெருமையோடு சொன்னார். வீட்டில் போட்டுப் பார்த்தால், தண்ணீருக்குள் இருந்து யாரோ பேசுவது போல் இருந்தது. இரைச்சலோடு சேர்த்து மெய்யெழுத்துகளையும் கழுவிவிட்டார்.

பிறகு சென்னையில் இருக்கும் என் தங்கை மகன், நல்ல நிலையில் உள்ள ஒரு கேசட் டெக்கைத் தேடிப் பிடித்து, எதையும் நீக்காமல் உள்ளது உள்ளபடியே பதிவு செய்து அனுப்பினான். உங்களில் யாரேனும் இவ்வேலையில் இறங்கினால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: முதல் பிரதியில் இரைச்சல் அப்படியே இருக்கட்டும். ஏன் என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

கோப்பு வந்துவிட்டது. கேட்பதில்தான் புதிய சங்கடம். அரை மணி நேரப் பேச்சில் எனக்கு வேண்டியது மூன்று விநாடி. சாதாரண இசைப்பான்களில் ஒரு கோடு ஓடும். அதைச் சுட்டெலியால் பிடித்து இழுக்க வேண்டும். எனக்குச் சில ஆண்டுகளாக வலக்கையில் நடுக்கம் உண்டு. மயிரிழை நகர்த்தினால் அரை நிமிடம் தாவிவிடும். தாவிய இடத்திலிருந்து திரும்பி வருவதற்குள் பொறுமை போய்விடும். மருமகன் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, உங்களுக்குப் படம் போட்ட பிளேயர் வேண்டாம். எழுதிச் சொன்னால் செய்கிற பிளேயர் இருக்கிறது" என்றான். அடுத்த முறை வந்தபோது தன் பழைய மடிக்கணிப்பொறியில் லினக்ஸ் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தான்.

கறுப்புத் திரை, அதில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கட்டம். அவ்வளவுதான். பொத்தான் இல்லை, படம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு வாய் திறவாமல் நிற்கும் கண்டிப்பான வாத்தியாரைப் போல அது என்னைப் பார்த்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த வாத்தியாராக நின்றவன்தான் நான். எதிர்ப்பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

எம்பிவி என்பது அந்தப் பிளேயரின் பெயர். 2000-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் ஆர்பாட் கெரியோஃபி என்பவர் தொடங்கிய எம்பிளேயர் என்ற மென்பொருளின் வழித்தோன்றல் இது. இதன் முதல் பதிப்பு 2013-இல் வந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பெயரை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரை எழுதி, என்டர் விசையைத் தட்டினால் பேசத் தொடங்கிவிடும். திரையின் கீழே எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று எண்கள் ஓடும்.

இதன் சிறப்பு, பெயருக்கும் கோப்புக்கும் நடுவே நாம் எழுதும் விருப்பங்களில் இருக்கிறது. ஒவ்வொரு விருப்பத்துக்கும் முன்னால் இரண்டு சிறு கோடுகள். நான் எழுதிய ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். விசைப்பலகையில் இவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்:

எம்பிவி --ஸ்டார்ட்=26:00 --வால்யூம்=120 வாப்பா.வேவ்

அதாவது, வாப்பா என்ற கோப்பை இருபத்தாறாம் நிமிடத்திலிருந்து தொடங்கு; ஒலியைச் சற்றுக் கூட்டிவை. நூறு என்பது இயல்பான அளவு. மாற்றாமல் விட்டால் நூற்று முப்பது வரை போகும். நடுங்கும் கை இருபத்தாறு என்ற எண்ணைத் தட்டுவதற்குத் தடையாக இல்லை. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விட்டால் மட்டும் அதற்குக் கோபம் வந்துவிடும். நான் இலக்கணம் கற்பித்தவன். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஓடிக்கொண்டிருக்கும்போது விசைகளும் வேலை செய்யும். இடைவெளி விசையைத் தட்டினால் நிற்கும். மறுபடி தட்டினால் தொடரும். இடப்பக்க அம்பு ஐந்து விநாடி பின்னால் கொண்டுபோகும், வலப்பக்க அம்பு முன்னால். சிறிய கியூ எழுத்து மூடிவிடும். பெரிய கியூவோ, மூடும்போது எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதைக் குறித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பெரிய கியூவைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வது என் வழக்கமாயிற்று.

முதல் நாள் உம்மாவை அருகில் உட்கார வைத்துப் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டார்கள். முகம் சுருங்கியது.

"இது அவுக குரல் இல்லப்பா. யாரோ சின்னப் பையன் பேசுற மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. 1987-இல் கேட்டபோதும் குரல் சற்று மெலிந்துதான் இருந்தது. கடல் கடந்து வந்த குரல், நாடாவின் தரம் அப்படி என்று சமாதானம் செய்துகொண்டோம். மருமகன்தான் காரணம் சொன்னான். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது முதல் அதுவே அளவு. பேசிப் பதிவு செய்த கருவியின் பாட்டரி தளர்ந்திருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், நாடா மெதுவாக நகரும். அதையே பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் பேச்சு விரைந்து, குரல் மேலேறிக் கீச்சிடும். பலர் தங்கும் அறையில், இரவில், இருந்த பாட்டரியைக் கொண்டு பேசியிருக்கிறார் வாப்பா.

சரி, எவ்வளவு மெதுவாக ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்தக் கடைக்காரர் கழுவித் தள்ளிய இரைச்சல் கைகொடுத்தது. வாப்பா பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கும் இடங்களில், பின்னணியில் ஒரு சுவர்க்கடிகாரம் டிக், டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பாட்டரிக் கடிகாரத்தின் முள் விநாடிக்கு ஒருமுறை அடிக்கும். அது பொய் சொல்லாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தஸ்பீஹ் மணியை உருட்டி, அறுபது டிக் எண்ணினேன். பேச்சுக்கு அடியில் புதைந்த டிக்குகளைப் பிடிக்க ஒரு மாலை முழுதும் ஆயிற்று. அறுபது டிக் முடியும்போது திரையில் ஓடியிருந்தது 54 விநாடி. அறுபது விநாடி ஐம்பத்து நான்காகச் சுருங்கியிருக்கிறது. ஆகவே அதே விகிதத்தில், 0.9 வேகத்தில் ஓட்டினால் சரியாகிவிடும்.

--ஸ்பீடு=0.9 என்று எழுதி ஓட்டினேன். பேச்சு நிதானப்பட்டது, ஆனால் குரல் அதே சின்னப் பையன் குரல்! அரை நாள் குழம்பினேன். பிறகு அதன் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டது இது: வேகத்தை மாற்றும்போது குரலின் சுருதி மாறாமல் எம்பிவி தானாகவே காத்துக்கொள்ளும். பாடம் கேட்பவர்களுக்கு அது வசதி. ஆனால் என் நாடாவில் வேகமும் சுருதியும் சேர்ந்தே கெட்டவை. சேர்ந்தே திருந்த வேண்டும். அதற்கு ஆடியோ பிட்ச் கரெக்‌ஷன் என்ற விருப்பத்தை 'நோ' என்று எழுதி அணைக்க வேண்டும். அணைத்தேன். மறுபடி என்டர் தட்டினேன்.

வாசகர்களே, அந்த நொடியை எழுத எனக்குச் சொற்கள் போதவில்லை. கீச்சுக் குரல் இறங்கி, கனத்து, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் போன மனிதர் அறைக்குள் வந்து, "எல்லாரும் நல்லா இருக்கியளா?" என்று கேட்டார்.

அன்றிரவு இன்னொன்று நடந்தது. சிறிய எல் எழுத்தைத் தட்டினால், ஓர் இடத்தைத் தொடக்கமாகவும் மறுமுறை தட்டும் இடத்தை முடிவாகவும் வைத்துக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும். மூன்றாம் முறை தட்டினால் விட்டுவிடும். பெரிய எல்லைத் தட்டினால் முழுக் கோப்பையும் முடிவின்றிச் சுற்றும். நான் தூக்கக் கலக்கத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்து, சிறியதற்குப் பதில் பெரியதைத் தட்டிவிட்டு, நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. எதிரே தரையில் உம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"எப்ப எழுந்து வந்திய உம்மா?"

"மூணு தரம் முழுசாக் கேட்டுட்டேன்" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "இதுதாம்பா அவுக குரல். ஆனா கடைசிப் பக்கம் போகப் போக மறுபடி சின்னப் பையனாப் போயிடுறாக" என்றார்கள்.

கண் மங்கிய எண்பது வயதுப் பெண்மணி, கையேடு எதையும் படிக்காமல், நானும் மருமகனும் தவறவிட்டதைச் சொல்லிவிட்டார்கள். பாட்டரி ஒரே அளவில் தளர்ந்து நின்றுவிடவில்லை. பேசப் பேச அது இன்னும் செத்துக்கொண்டே வந்திருக்கிறது. தொடக்கத்தின் கணக்கு முடிவுக்குப் பொருந்தாது. கடனைச் சொன்ன இடமோ இருபத்தாறாம் நிமிடத்துக்குப் பிறகு!

மறுநாள் அந்தப் பகுதியில் டிக்குகளை எண்ணினேன். அறுபதுக்கு 48 விநாடி. ஆகவே 0.8.

இதற்கிடையில் என் தம்பிக்குச் செய்தி போய்விட்டது. திருச்சியில் கடை வைத்திருக்கிறான். இரண்டு பவுன் என்பது பதினாறு கிராம். இன்றைய விலைக்கு இலட்சத்தைத் தாண்டிவிடும். பாதிப் பங்கு அவனுடையது. "ஓடக்காரர் வீட்டுப் பெரியவரே ஹலாலாக்கிட்டார். அதுக்கப்புறம் எதுக்குக் காக்கா மண்ணைக் கிளறணும்? நாடாவுல கேக்குற இரைச்சலை நம்பி யார் வீட்டுக்குப் போய்க் கொடுக்கப் போறிய?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. கொடுக்க மனமில்லாமல் அவன் பேசவில்லை. நிச்சயம் இல்லாமல் கொடுக்கக்கூடாது என்றே சொன்னான். என்னிடமும் அப்போது நிச்சயம் இல்லை.

குரலைத் திருத்தியாயிற்று. ஆனால் அந்தச் சொல்லை இன்னும் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும். அப்படி நிறுத்தும்போது குரல் தடித்துக் குழையவும் கூடாது. ஒரே ஓட்டத்தில் இரண்டும் எனக்குக் கைவரவில்லை. அதற்கு இன்னொரு கட்டளைக் கருவி உதவிற்று. சாக்ஸ் என்று பெயர். 1991 முதல் இருந்துவருவது. ஒலிக்கோப்புகளை வெட்டவும் ஒட்டவும் மாற்றவும் பயன்படுவது. அதில் 'ஸ்பீடு' என்றால் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும். 'டெம்போ' என்றால் வேகம் மட்டும் மாறும். இருபத்தாறாம் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத் துண்டை வெட்டி, ஸ்பீடு 0.8 என்று கொடுத்துப் புதிய கோப்பாக எழுதிக்கொண்டேன். அறுபது விநாடித் துண்டு எழுபத்தைந்து விநாடியாக நீண்டு, வாப்பாவின் உண்மையான குரலில் வந்தது. இனி அதை எம்பிவியில் போட்டு, இம்முறை சுருதி காக்கும் வசதியை அணைக்காமல், 0.6 வேகத்தில் ஓட்டலாம்.

(இதற்கு முன் எம்பிஜி123 என்ற பழைய பிளேயரிலும் முயன்றேன். தொண்ணூறுகளிலேயே பேர் வாங்கியது. இடப்பக்க ஒலி மட்டும், வலப்பக்க ஒலி மட்டும் என்று கேட்க அதில் எளிய விருப்பம் உண்டு. நாடாவின் ஒரு விளிம்பு கசங்கியிருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் கேட்கலாம். ஆனால் பாதி வேகம் கேட்டால், ஒலியைச் சிறு சிறு துணுக்குகளாக்கி ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டும். ஒரு துணுக்கு ஏறக்குறைய 26 மில்லி விநாடி. வாப்பா திக்கித் திக்கிப் பேசுவது போலிருந்தது. மனம் பொறுக்காமல் நிறுத்திவிட்டேன்.)

தம்பி ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே வந்து சேர்ந்தான். தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டபின் இருவரும் உட்கார்ந்தோம். நான் எதையும் சொல்லவில்லை. ஹெட்போனை அவன் காதில் மாட்டி, எல் விசையைக் காட்டிக் கொடுத்து, விலகி நின்றேன். என் ஆசை அவன் காதில் ஏறிவிடக்கூடாதல்லவா?

தமிழில் 'ஓட' என்பதற்கும் 'ஓட்டு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாற்பது மாணவர்களுக்கு முன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தனி டகரத்தை நா தொட்டும் தொடாமலும் கடந்துவிடும். இரட்டித்த டகரத்தில் நா மேலண்ணத்தைத் தொட்டு ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் ஒலியே இல்லை, வெறும் மௌனம். வேகமாக ஓடும் நாடாவில் அந்த மௌனம் சுருங்கிப் போகிறது. கூடவே இரைச்சல் வந்து அதை நிரப்பிவிடுகிறது. அப்போது ஓட்டு, ஓட ஆகிவிடுகிறது. பின்னால் வரும் குற்றுகரம் எப்போதுமே பாதி விழுங்கப்படுவது. அதை நம்பி முடிவு சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன், தன் வீட்டு விஷயத்தில் இதை எண்ணிப் பார்க்கவில்லை!

தம்பி ஏழெட்டு முறை கேட்டான். பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான்:

"ஓட்டு... காரர். நிக்கிது காக்கா. நாக்கு நிக்கிது."

ஓட்டுக்காரர் வீடு! தேர்தல் ஓட்டு என்று எண்ணிவிடாதீர்கள், கூரை ஓடு. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சீமை ஓட்டு வியாபாரம் செய்த ஒரு குடும்பம் இருந்தது. வியாபாரம் போய், வீடும் கைமாறி நெடுங்காலம் ஆகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. தம்பி அந்தச் சுற்றை விட்டுவிட்டு, இடைவெளி விசையைத் தட்டி மேலே ஓடவிட்டான். அதற்கடுத்து இதுநாள்வரை வெறும் முனகலாக எங்களுக்குக் கேட்ட ஒரு வாக்கியம், மெதுவாக, பிரிந்து பிரிந்து வந்தது. "அந்த மாமி மக கழுத்துல கெடந்ததைக் கழட்டித் தந்தாக. அந்தப் புள்ள அழுதுச்சு." இப்போது ஹெட்போனைக் கழற்றியவன், அதை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். கிணற்றடியில் முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்த மாமி இல்லை. மகள் இருக்கிறார்கள். 1979-இல் பதினான்கு வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதாகிறது. பக்கத்து ஊரில் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாக விசாரித்து அறிந்தோம். தம்பி பணமாகக் கொடுக்கலாம் என்றான், உம்மா கேட்கவில்லை. "சங்கிலின்னு சொன்னாக. சங்கிலியாத்தான் போகணும்" என்றார்கள். இரண்டு பவுனில் சங்கிலி வாங்கினோம். உம்மா தாமே வருவேன் என்று பிடிவாதம் செய்ததால் கார் வைத்துக்கொண்டு போனோம்.

அந்த அம்மையார் முதலில் எங்களை அடையாளம் தெரியாமல் திகைத்தார்கள். விவரம் சொன்னதும், "எங்க சங்கிலியா? அதை அக்கா கல்யாணத்துக்கு வித்துட்டதால்ல உம்மா சொன்னாக?" என்றார்கள். தாய், மகளிடமும் அந்த உதவியைச் சொல்லாமலே போயிருக்கிறார்கள். மகள் அழுதது தாய்க்குத் தெரியும்; அந்த அழுகைக்கு யார் காரணம் என்பது மட்டும் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கிலியை வாங்க மறுத்தார்கள். உம்மா அவர்கள் கையைப் பிடித்து, விரலை விரித்து, வைத்து மூடினார்கள். எண்பது வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பிறகு அவர்கள் கேட்டது: "அந்த மாமா என்ன சொன்னாகன்னு நான் கேக்கலாமா?"

மடிக்கணிப்பொறியைக் கொண்டு போயிருந்தேன். திண்ணையில் வைத்துத் திறந்தேன். கறுப்புத் திரையைக் கண்டு பேரப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். திருத்திய துண்டை எடுத்து, மெதுவாக்காமல், இயல்பான வேகத்திலேயே ஓட்டினேன். எழுபத்தைந்து விநாடி. முடிந்ததும் இன்னொரு முறை கேட்டார்கள். மூன்றாம் முறை அவர்கள் கேட்கும் முன்பே நான் பெரிய எல்லைத் தட்டிவிட்டேன். பேரன் தன் கைப்பேசியில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில் காரில் உம்மா பேசவேயில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "ஓடக்காரர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வாப்பா. வாங்காத கடனை ஹலாலாக்குனாகளே, அவுக நல்லவுக" என்றார்கள். அதையும் செய்தோம். அந்தப் பெரியவரின் மகன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

நாடாவின் மறுபக்கத்தை இன்னும் நான் முடிக்கவில்லை. அங்கே பாட்டரி மேலும் தளர்ந்திருக்கிறது. முதல் ஐந்து நிமிடத்தில் அறுபது டிக்குக்கு 45 விநாடிதான் வருகிறது. போகப் போக இன்னும் குறையும். மருமகன் ஒரு விசைக்கு நூறில் ஒரு பங்கு வேகம் கூடிக் குறையுமாறு எழுதி வைத்துக் கொடுத்திருக்கிறான். ஒரு கையால் அதைத் தட்டிக்கொண்டே கேட்கிறேன். இஷாவுக்குப் பிறகு உம்மா வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறார்கள். குரல் சற்றே மேலேறினால் போதும், நான் திரையைப் பார்க்கும் முன்பே கையைக் கீழ்நோக்கி அசைத்து, "இன்னும் கொஞ்சம் இறக்கு" என்கிறார்கள்.